எடுத்து வைத்த லாபம்

முருங்கைக்கீரையை நேற்றே துணியில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தால் இந்நேரம் இலையெல்லாம் தானாகக் கழன்றிருக்கும், உதறினால் போதும், நேற்று மறந்துவிட்டேன், மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கொத்தைக் கையில் எடுத்தேன், துணியையும் எடுத்தேன், அப்புறம் மனசு எங்கேயோ போய்விட்டது, அதனால் இப்போது கொல்லை வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஈர்க்காகப் பிடித்து உருவிக்கொண்டிருக்கிறேன், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, இலை முறத்தில், குச்சி தரையில், நடுவில் ஒரு பழுத்த இலை வந்தால் அதைத் தனியே கிள்ளிப் போட வேண்டும், பழுத்தது கசக்கும், உள்ளே பாப்பா தூளியில் தூங்குகிறாள், தூளி லேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது, நான் ஆட்டவில்லை, அவள் மூச்சுக்கே ஆடுகிறதோ என்னவோ, அதற்குப் பக்கத்து அறையில் அவர் உட்கார்ந்திருக்கிறார், என் வீட்டுக்காரர், கல்யாணத்துக்கு எடுத்த சந்தனக் கலர் சட்டையைப் போட்டு மேல் பொத்தான் வரைக்கும் மாட்டி, கீழே பழைய கைலி, போனில் நெஞ்சு வரைக்கும்தான் தெரியுமாம், அதனால் கைலி போதும் என்று அவரே சிரித்துக்கொண்டார், அரிசி டிரம்மின் மேல் சொம்பை வைத்து அதில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறார், போனிலிருந்து யார் யாரோ பேசுகிறார்கள், இங்கிலீஷ், நடுநடுவே தமிழ், கம்பெனியின் வருஷக் கூட்டம், சென்னையில் பெரிய கட்டடத்தில் சேர்மன் உட்கார்ந்திருக்கிறார், பங்கு வைத்திருக்கிறவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பேசலாம், பேர் கொடுத்திருந்தால் கூப்பிடுவார்கள், இவர் பேர் கொடுத்திருக்கிறார், அ. சௌரிராஜன், திருமருகல் பக்கம், பங்குதாரர். கூப்பிட்டதும் ஒரு கேள்வி கேட்கப் போகிறார். அந்தக் கேள்வி தப்பு. அது தப்பு என்று எனக்கு முந்தாநாளே தெரியும், நான் சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை, இந்தக் கொத்தை உருவி முடித்ததும் எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், அந்தக் கொத்து முடிந்து இது அடுத்த கொத்து.

பங்கு மாமனார் காலத்தது. அவர் அந்தக் கம்பெனியில் நிரந்தரமாக வேலை பார்த்தவர், எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ரிக்கில், உடம்பெல்லாம் சேறோடு வருவாராம், நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது ரிட்டயர் ஆகி வெள்ளை வேட்டியில் இருந்தார், கம்பெனி தன் ஆட்களுக்குப் பங்கு கொடுத்தபோது எல்லாரும் வாங்கின கையோடு விற்று டிவியும் வண்டியும் எடுத்தார்கள், அவர் மட்டும் விற்கவில்லை. அவரிடம் கம்பெனி நிறுத்தி வைத்ததெல்லாம் அவருக்குத் திரும்பி வந்தது, சம்பளத்தில் பிடித்த பி.எஃப். வட்டியோடு வந்தது, சொசைட்டிக்குப் பிடித்தது வந்தது, மழைக்கோட்டுக்கு என்று ஆரம்பத்தில் பிடித்த சில்லறைகூட ரிட்டயர் ஆன அன்றைக்கு ஒரு கவரில் போட்டு வந்ததாம், அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கும், சில்லறைக்காக இல்லை, ஞாபகம் வைத்திருந்தார்களே என்று. அதனால் அவருக்கு ஒரு நம்பிக்கை. கம்பெனி லாபத்தில் கொஞ்சத்தைப் பங்குக்காரர்களுக்கு டிவிடெண்டாகக் கொடுக்கிறது, மீதியை எடுத்து வைத்துக்கொள்கிறது, எடுத்து வைத்ததும் நம்முடையதுதான், ஒரு நாள் வரும், அவன் தராமல் போகமாட்டான் என்பார், தராமல் போகமாட்டான் என்று ஒரு பெரிய கம்பெனியை ஒரு தம்பியைச் சொல்வதுபோலச் சொல்வார். சாகும்போதுகூட இவரிடம் அதைத்தான் சொன்னார், பங்கை வித்துடாத சௌரி, எடுத்து வச்சிருக்கான், கேட்டா குடுப்பான். கேட்டால் கொடுப்பான். இத்தனை வருஷம் கேட்க ஒரு வழி இல்லை, இப்போது போனிலேயே கேட்கலாம் என்று வந்துவிட்டது, இவர் பேர் கொடுத்துவிட்டார்.

மார்பு கனக்கிறது. பாப்பா எழுந்து குடித்து ரொம்ப நேரமாகிவிட்டது, வலது பக்கம் கட்டி கட்டியாக நிற்கிறது, முழங்கை பட்டால்கூட வலி, ரவிக்கை நனைந்திருக்கும், பார்க்கவில்லை, எழுப்பிக் கொடுத்துவிடலாம், ஆனால் எழுந்தால் அழுவாள், அவர் பேசும்போது அழுதால் போனில் கேட்கும், சேர்மன் காதில் விழும், இன்னும் கொஞ்சம் தூங்கட்டும். இது யாருடைய பால், என் உடம்பில் இருக்கிறது, ஆனால் எனக்கு இல்லை, அவளுக்கென்று எடுத்து வைத்தது, அவள் கேட்காவிட்டால் வலிப்பது எனக்கு. கம்பெனிக்கு வலிக்குமா, இவ்வளவு எடுத்து வைத்திருக்கிறதே, ராத்திரி புரண்டு படுக்குமா. சீ, என்ன நினைப்பு. இவர் போனில் காட்டினாரே, பச்சைக் கலரில் வரிசையாகத் தூண் தூணாக, ஒவ்வொரு தூணும் ஒரு வருஷம், எடுத்து வைத்த லாபம் எவ்வளவு என்று தூணின் உயரம் சொல்லும், எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும், ஆனால் தூண் புரிந்தது, இது நம்ம கல்யாணம் ஆன வருஷம் பாரு என்று தொட்டுக் காட்டினார், நல்ல உயரம், அதற்கடுத்தது ஊரெல்லாம் வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடந்த வருஷம், ரோட்டில் வண்டியே இல்லை, எண்ணெயை வாங்க ஆளில்லை, தூண் சட்டென்று குட்டையாகிவிட்டது, விழுந்த பல் மாதிரி நடுவில் ஒரு பள்ளம், மாமனார் போனதும் அந்த வருஷம்தான், அந்தத் தூணைப் பார்த்தால் எனக்கு அவரைப் படுக்க வைத்திருந்த பாய் ஞாபகம் வருகிறது, ஆனால் அந்த வருஷம்கூடக் கம்பெனி கொஞ்சம் டிவிடெண்ட் அனுப்பியது, எடுத்து வைத்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தார்களாம், அதில்தான் காரியத்துக்குச் சாமான் வாங்கினோம், அப்போது அந்தக் கம்பெனி மேல் எனக்கு ஒரு பிரியம் வந்தது, முகம் தெரியாத உறவுக்காரர் மேல் வருகிற மாதிரி. அப்புறம் தூண்கள் மறுபடியும் ஏறின, பாப்பா பிறந்த வருஷம் ஒரு ஏற்றம், இந்த வருஷம்தான் எல்லாவற்றையும்விட உயரம், ஆனால் கையில் வந்த டிவிடெண்ட் எல்லா வருஷத்தையும்விடக் கம்மி. பாப்பாவின் விரலைப் பிடித்து ஒவ்வொரு தூணாகத் தொட வைத்தார், ஏறு ஏறு படி ஏறு என்று, பள்ளத்தில் வரும்போது தொம்மென்று விழுவதாக வேடிக்கை காட்டினார், அவள் கெக்கெக்கென்று சிரித்தாள், இவ்ளோ உசரமா எடுத்து வச்சிருக்கான் தையலு, இதுல தாத்தாவோடது எங்கயோ இருக்கு, அத பாப்பா பேருக்கு மாத்திக் கேக்கப்போறேன் என்றார். அவர் முகம் அப்படி நான் பார்த்ததே இல்லை. பார்த்திருக்கிறேன், பாப்பாவை முதல் தடவை கையில் வாங்கியபோது.

முந்தாநாள் தடுப்பூசி போடுகிற இடத்தில் நஸீமாவைப் பார்த்தேன், மேலத்தெரு அன்வர் பாய் மகள், அக்கா பிள்ளைக்கு ஊசி போட வந்திருந்தாள், நாகப்பட்டினத்தில் காலேஜில் கணக்கு சம்பந்தப்பட்ட படிப்பு, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள், எனக்கு வாய்க்குள்ளேயே கேள்வி உருண்டுகொண்டிருந்தது, கேட்பதா வேண்டாமா, ஊசி போடுகிறவள் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு முடித்த பிறகுதான் வெளியே வந்தது. நஸீமா, ஒண்ணு கேட்டா சிரிக்கக்கூடாது, கம்பெனில லாபத்த எடுத்து வச்சுக்கிறாங்கல்ல, அது யாருது? அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், தையலக்கா வாயத் தொறந்துட்டாங்கய்யா, நாளைக்கு ஊரே வெள்ளத்துல போவப் போவுது என்றாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன், அய்யய்யோ கோச்சுக்காதக்கா என்று கையைப் பிடித்தாள், அப்புறம் நிதானமாகச் சொன்னாள், அது எல்லாப் பங்குக்காரங்களுக்கும் பொது, ஆனா என் பங்க மட்டும் பிரிச்சுக் குடுன்னு யாரும் கேக்க முடியாது, அவங்களா பாத்து டிவிடெண்டா குடுத்தா உண்டு, இல்லன்னா கிணறு தோண்டுவாங்க, குழாய் போடுவாங்க, கடன அடைப்பாங்க. அப்ப பணமா இல்லையா என்றேன். பணமா பொட்டில பூட்டி வச்சிருப்பாங்கன்னு நெனச்சியாக்கா, அது இந்நேரம் மண்ணுக்குள்ள குழாயாக் கெடக்கும், நீ மிதிச்சுக்கிட்டுதான் ஊசி போட வந்திருப்ப. அப்ப நம்மளோடதுன்னு சொல்றது என்று கேட்டேன், எனக்கே என் தைரியம் ஆச்சரியமாக இருந்தது. நம்மளோடதுதான்க்கா, கையில கெடைக்காது, அவ்ளோதான், பங்கு வெலையில ஏறி நிக்கும், வித்தா வரும், ஏன், அண்ணன் விக்கப் போறாரா? இல்லை என்று தலையாட்டினேன், அதற்குள் பாப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள், ஊசி போட்டதும் ஒரு நொடி சத்தமே இல்லாமல் வாயை மட்டும் திறந்து வைத்திருந்தாளே, அழுகை வருவதற்கு முன்னால், அந்த ஒரு நொடியில்தான் எனக்குப் புரிந்தது, இவர் கேட்கப்போகிற கேள்வியைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள் என்று.

எனக்கு அது புதிதாகப் புரிந்ததில்லை, அதுதான் வேடிக்கை, முன்னாலேயே எங்கேயோ தெரிந்ததுதான். எங்கள் அம்மா உலையில் அரிசி போடும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடுவாள், பிடியரிசி, தினமும், வீட்டில் இருப்பது கொஞ்சமானாலும் ஒரு பிடி, கை மட்டும் அன்றைக்குச் சின்னதாக மூடும். ஒரு நாள் தெருவில் ஐஸ் வண்டிக்காரன் வந்தான், அரிசி போட்டாலும் ஐஸ் தருவான், நான் அம்மாவிடம் போய் என் பங்கு பிடியரிசியைக் கொடு என்று கேட்டேன், எனக்கும் சேர்த்துத்தானே எடுத்து வைக்கிறாய் என்று, வாய் பேசாத பிள்ளை அன்றைக்கு எப்படித்தான் கேட்டேனோ, ஐஸ் கேட்க வைத்தது. அம்மா பானையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள், எதுடி ஒன் பங்கு, நீயே பாத்து எடுத்துக்க என்றாள், நான் கையை உள்ளே விட்டேன், குளுகுளு என்று இருந்தது, விரலை விரித்தேன், மூடினேன், எல்லாம் ஒரே மாதிரி அரிசி, எதை எடுத்தாலும் அதில் தம்பியோடதும் அப்பாவோடதும் கலந்திருக்கும் என்று தோன்றியது, கையை வெறுமனே வெளியே எடுத்தேன். அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு மறந்து போயிருக்கும். என் கையில் ஒட்டியிருந்த நாலு அரிசியைத் தட்டிவிட்டு, புயல் வந்தா தெரியும்டி என்றாள். புயல் வந்தது, தெரிந்தது, அந்தப் பானையில்தான் ஒரு வாரம் ஓடியது, அம்மா பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள், யாரையும் கேட்டுக் கொடுக்கவில்லை. ஆனால் அம்மா எங்கள் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் அடிச்சட்டியைச் சுரண்டினாள். சென்னையில் உட்கார்ந்திருக்கிறவர் அடிச்சட்டியைச் சுரண்டுவாரா, எனக்குத் தெரியாது, குரலைக் கேட்டால் நன்றாகச் சாப்பிட்டவர் மாதிரிதான் இருக்கிறது, அதையும் தப்பென்று சொல்ல முடியாது, எங்கே போயிற்று இந்தப் பழுத்த இலை, முறத்துக்குள் விழுந்துவிட்டது, கிளறி எடுக்க வேண்டும்.

சொல்லியிருக்கலாம். நேற்று சாயங்காலம் நல்ல சமயம், வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார், அவருக்கு வேலை குழாய் வழியே நடப்பது, கம்பெனி வேலைதான் ஆனால் கான்ட்ராக்டரிடம், வயலுக்கும் வாய்க்காலுக்கும் அடியில் எரிவாயுக் குழாய் போகிறதே, அதன் மேலே மஞ்சள் கம்பம் நட்டிருப்பார்கள், கம்பத்துக்குக் கம்பம் நடந்து யாராவது மண்ணைத் தோண்டுகிறார்களா, வாடை வருகிறதா என்று பார்க்க வேண்டும், மழையானாலும் நடை, நாற்று நட்டிருந்தால் வரப்போரம், பாம்புக்கு ஒரு தடி. காலில் சேற்றுப்புண், விரலிடுக்கில் வெள்ளையாக ஊறியிருந்தது, மஞ்சளும் எண்ணெயும் வைத்துக்கொண்டிருந்தேன், வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஏங்க என்றேன், அவர் என்ன என்பதற்குள் பாப்பா தவழ்ந்து வந்து அவர் தொடையைப் பிடித்து நின்றாள், அவளைத் தூக்கி எதிரே கட்டிலில் தலையணை வைத்து உட்கார வைத்து, நீதான் சேர்மன், கோணக்கூடாது என்றார், எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பி, மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே என்றார். அவள் சிரித்தாள். தலைவர் அவர்களே, எனது தந்தையார் அமிர்தலிங்கம் அவர்கள் தங்கள் நிறுவனத்தில் பணியாற்றி. மறுபடியும் சிரிப்பு, எச்சில் ஒழுகுகிறது சேர்மனுக்கு. பாத்தியா, இப்பவே சம்மதிச்சுட்டாரு என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தேன். என்னமோ சொல்ல வந்தியே என்றார். இல்லைங்க, கால நீட்டுங்க, இந்தப் பக்கமும் வைக்கணும் என்றேன்.

எனக்கு எப்போதும் இப்படித்தான், தொண்டை வரைக்கும் வரும், நிற்கும். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது உள்ளேன் அம்மா என்று சொல்வேன், எனக்குச் சத்தமாகத்தான் கேட்கும், டீச்சர் காதில் விழாது, வரவில்லை என்று போட்டுவிடுவார்கள், நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், இருக்கிறேன் என்று கையைத் தூக்க வெட்கம், ஏழாவதோடு நின்றபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இவரும் அப்படித்தான், வாய் பேசுவார், ஆனால் அவர் பேசுவதை நின்று கேட்டவர்கள் கிடையாது, கான்ட்ராக்டர் சரி சரி போ என்பான், ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்பார்கள், முதல் தடவையாக ஒரு இடத்தில் உங்கள் முறை வரும், கூப்பிடுவோம், மூன்று நிமிஷம் பேசுங்கள் என்று மெயில் அனுப்பியிருக்கிறார்கள், அதைப் பிடுங்கிவிடுவதா. பிடுங்காவிட்டால். டீக்கடையில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், கூட நடக்கிற ஆட்கள் பூராவும், யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாமாம், இவரே சொல்லிவிட்டு வந்திருக்கிறார், இன்னிக்குப் பாருங்கடா அண்ணன் பேசுறத என்று, கான்ட்ராக்டரின் மச்சான்கூட அங்கேதான் டீ குடிப்பான், சிரித்தால் அங்கேயிருந்துதான் சிரிப்பு ஆரம்பிக்கும், நாளைக்குக் குழாய் மேல் நடக்கும்போது பின்னாலேயே வரும், என்ன சேர்மன், பங்கு வந்துச்சா என்று, அடுத்த வருஷமும் வரும், பாப்பா பள்ளிக்கூடம் போகும்போது அவளையும் சேர்மன் மகள் என்பார்கள். அவர் கோபப்பட மாட்டார். அதுதான் பயம். கோபப்பட்டால் போய்விடும். அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார், அவர் அப்பா செத்தபோது படுத்தாரே அந்த மாதிரி, நான் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், தெரிந்திருந்தும் சொல்லவில்லையே என்று. போய்விடு தையலு, எழுந்திரு, போய் மெதுவாகக் காதில் சொல், அந்தக் கேள்வி வேண்டாம்ங்க என்று, ஏன் என்பார், நஸீமா சொன்னாள் என்றால், பொண்ணு பாஸ் பண்ணட்டும் முதல்ல என்பார், சிரிப்பார், அப்பாவை நம்பலையா நீ என்பார், அதற்கு நான் என்ன சொல்வேன். மாமனார் சொன்னது பொய் என்று நான் எப்படிச் சொல்வேன், அந்த மனுஷன் சாகிற அன்றைக்குக்கூட என்னிடம் நீ சாப்பிட்டியாம்மா என்று கேட்டவர்.

போனில் கோயமுத்தூர் ஆள் ஒருவரைக் கூப்பிடுகிறார்கள். தமிழில் பேசுகிறார். உருவுவதை நிறுத்திவிட்டேன். வயசான குரல், கொஞ்சம் கணீரென்று, வணக்கமுங்க, என்ற பேரு பழனிச்சாமிக்கவுண்டருங்க, நானு இருவது வருசமா உங்க பங்கு வெச்சிருக்கறனுங்க, ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனச்சுக்காதீங்க, வருசா வருசம் லாவத்தை நீங்களே எடுத்து வெச்சுக்கிட்டே போறீங்க, படத்துல பாத்தா பனமரமாட்ட ஒசந்துட்டே போகுது, எங்க கைக்கு மட்டும் வர்றது கொறஞ்சுட்டே போகுது, அதுல என்ற பங்குக்கு உண்டானத மட்டும் குடுத்துப்போடுங்க, பேத்தி கண்ணாலத்த முடிச்சுக்கறன். அய்யோ. அதே கேள்வி. இவர் கேட்கப் போகிறதேதான், பாப்பா பேருக்குப் பதில் பேத்தி கல்யாணம், அவ்வளவுதான். கையில் ஈர்க்கு அப்படியே நிற்கிறது. சேர்மன் தொண்டையைச் செருமுகிறார், ஐயா, நல்ல கேள்வி, பலருக்கும் இருக்கிற சந்தேகம், விலை விழுந்த வருஷம் எடுத்து வச்சதுலருந்துதான் உங்களுக்கு டிவிடெண்ட் குடுத்தோம், அதுக்கப்பறம் வருஷா வருஷம் ஏறுது, இந்த வருஷம் ஆழ்கடல்ல ரெண்டு கிணறு போடறோம், அதனாலதான் கூட நிறுத்தினோம், அது பெட்டியில இருக்கிற பணம் இல்லீங்க ஐயா, கிணறா, குழாயா, கப்பலா மாறினது, அதுல ஒருத்தர் பங்க மட்டும் தனியா பிரிச்சுத் தர வழியில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். கவுண்டர் விடவில்லை, அப்பச் செரிங்க, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கொழாயாச்சும் அனுப்பிவெய்யுங்க, நாங்க அதைய வெச்சுச் சீர் பண்ணிக்கறம் என்றார். சிரிப்பு. சென்னையில் பெரிய அறையில் சிரிக்கிறார்கள், அவரவர் வீட்டிலிருந்து சிரிக்கிறார்கள், கவுண்டரும் சேர்ந்து சிரிக்கிறார், அவருக்கு அது வேடிக்கை, கேட்கும்போதே விடை தெரிந்து கேட்டவர், பொழுதுபோக்காகக் கேட்டவர். எங்கள் வீட்டில் சிரிப்பு இல்லை. அவர் இருக்கிற அறையில் நாற்காலி கிறீச்சிடவில்லை, அவர் தொண்டையைக் கனைக்கவில்லை, தூளிக் கயிறு உத்திரத்தில் உரசுகிற சத்தம் மட்டும்.

தெரிந்துவிட்டது அவருக்கு. நான் சொல்லாமலே. முதலில் ஒரு நிம்மதி வந்தது, என் வாயால் சொல்ல வேண்டாம் என்று, அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது, அவர் தனியாக உட்கார்ந்து தெரிந்துகொண்டிருக்கிறார், பக்கத்தில் ஆளில்லாமல், சந்தனச் சட்டையில், மேல் பொத்தான் வரைக்கும் மாட்டிக்கொண்டு, எதிரே போனில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு. இப்போது என்ன நினைப்பார், அப்பாவை நினைப்பார், அப்பா ஏமாந்தார் என்று நினைப்பாரோ, அப்படி நினைக்கக்கூடாது, அது ஏமாந்தது இல்லை, எங்கேயோ மண்ணுக்குள் இருக்கிறது, பிரித்து எடுக்க முடியாது, அவ்வளவுதான், நான் அரிசிக்குள் கையை விட்டேனே, குளுகுளு என்று இருந்ததே, இல்லாத அரிசியா அது. அடுத்ததாக வேறொரு பேரைக் கூப்பிடுகிறார்கள், யாரோ ஒரு அம்மா, இங்கிலீஷ், வேகமாகப் பேசுகிறாள், அதற்கடுத்து அ. சௌரிராஜன் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள், தயாராக இருக்கச் சொல்லி. தயாராக. அவர் மனப்பாடம் செய்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு, அது போய்விட்டது, இனி கையைக் கூப்பி நின்றால் அடுத்தது என்ன வரும், போனை அணைத்துவிடுவாரோ, நெட் போய்விட்டது என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வாரோ, அது நல்லதுதானே, அப்படிச் செய்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். இல்லை. நல்லதில்லை. கூப்பிடும்போது இருந்துகொண்டே இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேள்வி எதற்கு, கேள்வி கேட்டால்தான் ஆள் என்றா, கவுண்டர் பேரும் ஊரும் சொன்னாரே, இவருக்கும் பேர் இருக்கிறது, அப்பா பேர் இருக்கிறது, எடுத்து வைத்ததெல்லாம் குழாயாக மண்ணுக்குள் கிடக்கிறது என்று அந்தச் சேர்மனே சொன்னாரே, அந்த மண்ணின் மேல் தினமும் நடக்கிற கால் யாருடையது, அவர் பார்த்திருப்பாரா அந்தக் குழாயை, பேப்பரில் தூணாகப் பார்த்திருப்பார், இவர் காலில் இருக்கிற புண் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்றுகூட இல்லை, இப்படி ஒருத்தன் நடக்கிறான் என்று காதில் விழுந்தால் போதும், இதை யார் இவரிடம் சொல்வது, முறத்தைக் கீழே வைக்கிறேன், மடியிலிருந்து இலையெல்லாம் சிதறுகிறது, பொறுக்க நேரமில்லை, தையலு, என்கிறார் உள்ளேயிருந்து, செத்த வாயேன், மெதுவாக, பாப்பா எழுந்துவிடக்கூடாது என்கிற மாதிரி, ஆனால் அது பாப்பாவுக்காக இல்லை, எனக்குத் தெரியும் அந்தக் குரல், நான் என்ன பேச தையலு, என்னமாச்சும் சொல்லேன், இதோ வந்துட்டேங்க, வந்துட்டேன், கேள்வி வேணாம், நீங்க யாரு, யாரு புள்ள, என்ன வேலை செய்யுறீங்க, அத மட்டும் சொல்லுங்க, கைலி தெரிஞ்சா தெரியட்டும், எழுந்து நின்னே சொல்லுங்க, நானும் உங்க பக்கத்துலயே